மூடிய சிவப்பு

முதலில் ஒரு மஞ்சள் புள்ளிதான். வலது கால் கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில், தேநீர்க் கறை போல. அழகு நிலையத்தில் ஊரார் கால்களையெல்லாம் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவள், தன் காலைப் பார்க்க நேரமேது என்று அடர்சிவப்பு நகப்பூச்சைப் பூசி மூடினாள்.

தெரியாமல் இல்லை. பூஞ்சை பிடித்த நகங்கள் அன்றாடம் அவள் மடியில்தான் வந்து விழுந்தன. தடித்து, மஞ்சளாகி, சதையை விட்டு மேலே எழும்பியவை. தேய்த்தால் வெள்ளைத் தூள் பறக்கும், காயாத சாக்ஸின் வாடை மூக்கைத் துளைக்கும்.

முதலாளியம்மா காதோரம் வந்து, "வெறும் கறைன்னு சொல்லி பூசி விடு. டாக்டரைப் பாருங்கன்னா அப்புறம் இங்க எவ வருவா?" என்பாள். மகராசி, நன்றாக இருக்கட்டும். இவளுக்கே அது வந்திருப்பது தெரிந்தால் மட்டும் அன்றே வேலைக்கு வேட்டு வைப்பாள்.

ஒருவரின் நகம் தேய்த்த அரத்தை உடனே எறிந்துவிட வேண்டும் என்பது கடைச் சட்டம். புதுசு போலிருப்பதை எறிய மனம் வராமல் இவள் கழுவி வீட்டுக்குக் கொண்டுபோனாள். அந்த அரத்தால்தான் தன் நகத்தைத் தேய்த்தாள்.

"சிவப்பு எதுக்கும்மா?" என்று மகள் ஒருநாள் கேட்டாள்.

"மூடிட்டா ஒண்ணும் தெரியாதுடி."

மாதங்கள் போயின. பக்கத்து விரலும் மஞ்சளானது. வேலை முடிந்து செருப்பை மாட்டினாலும் அரத்தின் சத்தம் காதை விட்டுப் போவதில்லை. கர்ர். கர்ர்.

அன்று மாலை அவள் வந்தபோது வீட்டில் விளக்கில்லை. சத்தம் மட்டும் இருந்தது. பாழாய்ப்போன காது என்று நினைத்தாள். ஆனால் அது குளியலறையிலிருந்து வந்தது. அந்த வாடையும்.

விளக்கைப் போட்டாள். ஈரத் தரையில் மகள். கையில் அரம். பத்துக் கால்விரலிலும் அடர்சிவப்பு.

"எத்தனை நாளாடி இது?"

"தினமும்தான். நீ வர்றதுக்குள்ள. உன்னை மாதிரியே."

பூச்சு நீக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்து மகளின் நகத்தைத் துடைத்தாள். மஞ்சள். அடுத்தது. மஞ்சள்.

"அரத்தைக் கீழே போடு. டாக்டர்கிட்ட போலாம்."

மகள் போட்டாள்.

சத்தம் நிற்கவில்லை.

கர்ர்.

"உனக்கும் கேக்குதாம்மா? இது உள்ள இருந்து வருது. அதான் மூடி வச்சேன்."

அவள் குனிந்தாள். அந்தக் குட்டி நகங்கள் ஒவ்வொன்றாக மேலெழும்பின. அடியிலிருந்து வெள்ளைத் தூள் கொட்டிக்கொண்டே இருந்தது.