தீ தெரியும் முன்பே இறங்கியவர்கள்

2024 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, செஞ்சி–அவலூர்பேட்டை சாலையில் ஒரு ஷேர் வேன் எரிந்துபோனது. அதில் வந்த ஒன்பது பேரில் யாருக்கும் காயமில்லை.

மறுநாள் அதன் ஓட்டுநர் எழிலன், ஓய்வுபெற்ற தீயணைப்பு அலுவலர் முருகையனைத் தேடி வந்தான். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரி சுமலதாவும் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். வழக்கு என்றால் அவளுக்கு உயிர்.

“நானே கொளுத்திட்டேன்னு ஓனர் போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறாரு, சார். லைசென்ஸே போயிடும்.”

“இன்னா ஆதாரமாம்?” என்றாள் சுமலதா.

“நெருப்பு தெரியறதுக்கு முன்னாடியே எல்லாரையும் எறக்கிட்டேன். பையை எடுக்க விடல. பானட்டைத் தொறக்க விடல. எல்லாம் தெரிஞ்சு செஞ்சேங்கறாரு.”

“மூணுமே இடிக்குதே, சார்,” என்று சுமலதா முருகையனைப் பார்த்தாள்.

மதியம், சாலையோரம் கிடந்த வேனருகே உரிமையாளர் ரங்கநாதனையும் பயணி ராஜாம்பாளையும் முருகையன் வரவழைத்தார். எழிலனும் சுமலதாவும் கூடவே வந்தார்கள். ரங்கநாதனின் வேட்டி ஓரத்தில் காய்ந்த சருகு ஒட்டியிருந்தது.

“வழியெல்லாம் கொள்ளு தீயற வாசனை,” என்றாள் ராஜாம்பாள். “அடுப்பை அணைக்கலையான்னு மருமவளுக்கு போன் போட்டுத் திட்டினேன். அவ உப்புமா கிண்டிக்கினு இருந்திருக்கா. இன்னும் எங்கிட்ட பேச மாட்றா.”

முருகையன் குனிந்து, பின்சக்கர அச்சிலிருந்து கருகிய கொடி ஒன்றை உருவினார். அது கயிறுபோல் முறுகியிருந்தது.

“கொள்ளுக்கொடி. அச்சுல சுத்தி, சைலன்சர் சூட்டுல பத்தியிருக்குது. நெருப்புக்கு முன்னாடி வாசனை வரும். எழிலன் அதை நம்பி வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைச்சு, ஆளுங்களை நூறடி தள்ளி நிக்க வச்சான். பையை எடுக்கத் திரும்பிப் போனா ஆளே மாட்டிக்கும். பானட்டைத் தொறந்தா காத்து புகுந்து நெருப்பு மூஞ்சில அடிக்கும். நாங்க ஊர் ஊரா சொல்லிக் குடுக்கறதே இதைத்தான்.”

“ரோட்டுல கொள்ளு பரப்பினவன் எவன்?” ரங்கநாதன் கொதித்தார். “அவன் மேல கேஸ் போடறேன்.”

“உங்க வேட்டியில ஒட்டியிருக்கறது எங்க ஒட்டுச்சு?” என்றார் முருகையன்.

ரங்கநாதன் கீழே பார்த்தார். அறுத்த கொள்ளுச் செடியைத் தார்ச்சாலையில் பரப்பினால் போகிற வண்டிகளே ஏறி மணிகளைப் பிரித்துவிடும். அந்தப் பக்கம் எல்லோரும் செய்வதுதான்.

“நம்ம கொள்ளு நல்லா உதிரட்டும், ரெண்டு தடவை ஏத்தி எறக்குன்னு நீங்கதானே சொன்னீங்க, ஓனர்,” என்றான் எழிலன். “தெனமும் ஏத்தறதுதானே, அதுவா இருக்கும்னு எனக்கும் தோணல.”

சுமலதா சிரிப்பை அடக்க வேனின் மறுபக்கம் போனாள்.

ரங்கநாதன் புகார் கொடுக்கவில்லை. கொள்ளு அன்று மாலையே களத்துக்குப் போனது. வெள்ளிக்கிழமை முதல் எழிலன் மாற்று வேன் ஓட்டினான்.