சராசரி நான்கு நாள்

மழை கொட்டிய மாலை. பெரு நாட்டு இக்கிட்டோஸ் நகரின் சந்தை முனையில் ஒரே ஆட்டோவில் இரு பக்கமிருந்தும் இருவர் ஏறினார்கள்.

"நான்தான் முதல்ல கை காட்டினேன்!" என்றாள் மார்லித்.

"காட்டினீங்க... வண்டி என்னைப் பாத்துல்ல நின்னுச்சு!" என்றான் அவன்.

நனைந்த இமைகளுக்குக் கீழே அந்தக் கண்கள்... வெகுநாளாய்ச் சிரிப்பை மறந்த கண்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாழாய்ப்போன மனசு திரும்பினால்தானே!

இருவரும் இறங்கியது நர்சிங் கல்லூரி வாசலில். அவன் அனிபால், ஆய்வு எழுதும் நர்சுகளுக்குப் புள்ளியியல் சொல்லித்தர வந்த புது ஆசிரியன். போச்சுடா!

அந்த நர்சுகளில் ஒருத்தியான மார்லித் அன்றே வகுப்பில் தன் ஆய்வுக் கணக்கைக் காட்டினாள். அவள் வேலை பார்க்கும் தீவிர டெங்கு வார்டில் நோயாளி தங்குவது சராசரி நான்கு நாள். மற்ற ஆஸ்பத்திரிகளில் ஐந்து.

"எங்க கவனிப்பு அப்படி, சார்!" என்றாள். இந்த ஆய்வு தேறினால் தலைமை நர்ஸ் பதவி என்று ஆஸ்பத்திரி இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"கட்டில் காலியான நாளை வெச்சுக் கணக்குப் போட்டிருக்கீங்க. செத்தவங்க?"

"அவங்களும்... இதுலதான்."

"வந்த அன்னைக்கே செத்தவங்களுக்கு ஒரே நாள்தான், நர்சம்மா. சாவு கூடக் கூட உங்க சராசரி அழகாயிடும்."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவளுக்குக் காது கொதித்தது.

"ஒரு பொணத்தையாவது துணியில சுத்தியிருக்கீங்களா? பேச வந்துட்டீங்க!" என்று வெளியேறிவிட்டாள்.

ஒரு வாரம் வகுப்புப் பக்கமே போகவில்லை. வீம்புக்காகத்தான் இறந்தவர்களைப் பிரித்து மறுபடி கணக்குப் போட்டாள். போட்டு முடித்ததும் வீம்பு செத்துவிட்டது.

"பொழைச்சவங்க எங்ககிட்டயும் அஞ்சு நாள்தான்," என்றாள், கல்லூரித் தாழ்வாரத்தில் அவன் முன்னால் நின்று. "அந்த ஒரு நாளைக் குறைச்சது செத்தவங்க... நான் மார் தட்டிக்கிட்டேனே, சார்..."

"அதுல என் தங்கச்சியும் இருக்கா. யூலிசா. அந்தக் கோபத்தை உங்க மேல கொட்டிட்டேன்."

மார்லித் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "தண்ணி கேட்டுக்கிட்டே இருந்த பொண்ணு... கடைசி வரைக்கும் கையைப் புடிச்சிருந்தேன்."

அனிபால் சுவரில் சாய்ந்து அழுதான்.

"அவ தனியாப் போயிட்டான்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன், மார்லித்..."

வெளியே மழை விடவே இல்லை.

"நாளைக்கு இயக்குநர் முன்னாடி உள்ளதை அப்படியே படிக்கப்போறேன்," என்றாள். "பதவி கிடைக்காது. வேலையே போனாலும் போகும். நீங்க பக்கத்துல நிக்கணும்."

"நிக்கறேன்."

"நாளைக்கு மட்டும் இல்ல, அனிபால்..."