வெறுங்கண்

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுச் சுவர்களுக்கு நிறம் தேர்ந்தெடுப்பது சம்யுக்தாவின் வேலை. காபி டம்ளரோடு கூடத்தின் நடுவில் வந்து நின்று, மணிக்கட்டில் இருந்த பட்டையை ஒருமுறை தடவினாள். சனிக்கிழமை வரை நீலமாக இருந்த சுவர்கள் மாந்தளிர் நிறத்துக்கு மாறின.

“நல்லா இருக்குதுங்களா?”

“இதுவே இருக்கட்டும். அந்த நீலம் கண்ணக் குத்துச்சு,” என்றான் நவநீதன்.

“எனக்கு ஒண்ணும் மாறலையே,” என்றாள் பொழில். அவர்களுடைய ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. தரையில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள்.

“பன்னெண்டு வயசானா உனக்கும் மாறும் சாமி.”

அந்த வயதுக்கு முன் யாருக்கும் நிறவில்லை பொருத்துவதில்லை. கருவிழியின் மேல் ஒட்டிக்கொள்ளும் அந்த மெல்லிய வில்லை, பெரியவர்கள் பார்க்கிற எல்லாவற்றுக்கும் நிறம் பூசிக் காட்டியது. அதனால் உண்மையான பெயின்ட்டுக்கு வேலையில்லாமல் போய், அதைச் செய்கிற கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. கோவையிலிருந்து சூலூர் வரை எல்லாக் கட்டடங்கள் மீதும் வெயிலைத் திருப்பி அனுப்பும் சாம்பல் பூச்சு மட்டும்தான் இருந்தது. அந்தச் சாம்பலைக் குழந்தைகள் மட்டுமே பார்த்தார்கள்.

மூவரும் காரில் குளக்கரைக்குப் புறப்பட்டார்கள். ஊரில் எல்லோரும் தானோடிகளில் போய் வந்தாலும், ஞாயிறு காலையில் உள்ளூர்ச் சாலைகளில் பழைய கார்களைக் கையால் ஓட்ட அனுமதி உண்டு. அது சம்யுக்தாவின் அப்பா வைத்திருந்த சிவப்புக் கார். என்ஜினைக் கழற்றி மோட்டார் பொருத்தியதைத் தவிர அதில் எதையும் மாற்றவில்லை. நவநீதன் கண்ணுக்கு அது நேற்று ஷோரூமிலிருந்து வந்ததுபோல் மின்னியது.

குளக்கரையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் காரைப் பார்த்ததும் கத்தினார்கள். “டேய், சொறி கார் வந்திருச்சு! சொறி கார்!”

பொழில் கதவைத் திறக்கவில்லை. பின் சீட்டில் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள்.

“எதுக்குக் கண்ணு அப்படிச் சொல்றாங்க?” என்று நவநீதன் திரும்பிக் கேட்டான்.

“அப்படித்தானேப்பா இருக்குது,” என்று தேம்பினாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் நவநீதன் ஷெட்டில் காரை நிறுத்தி, மணிக்கட்டுப் பட்டையை அழுத்தி வில்லையை அணைத்தான். பல வருடங்களாகப் பகலில் அவன் அதை அணைத்ததில்லை. அணைக்கத் தடை ஒன்றும் கிடையாது. ஆனால் அணைத்துவிட்டு இன்னொரு மனிதரைப் பார்ப்பது அநாகரிகம். குளியலறைக் கதவைக் கேட்காமல் திறப்பது மாதிரி. ஒவ்வொருவருக்கும் பதினெட்டு வயதில் ‘பதிவு முகம்’ எடுப்பார்கள். களைப்பு, கருவளையம், பரு, மச்சம், தழும்பு எதுவும் இல்லாத அந்தத் தோலின் பொலிவைத்தான் பிறகு எல்லோரும் எல்லோரிடமும் பார்த்தார்கள். வயது ஏறும், முகத்தில் தெரியாது. முகத்தைப் பார்த்து ஒருவரை இளப்பமாக நினைக்கும் வழக்கம் அதனால் ஒழிந்தது என்று பள்ளியில் அவனுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். கணவன் மனைவிகூட இருட்டில்தான் வில்லையை அணைத்தார்கள்.

கார் அவன் முன்னால் வெளிறிப்போய் நின்றது. கூரையும் பானெட்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தன. கதவுகளில் சிவப்பு செத்து, பழைய ரோஜாத்தாள் நிறத்தில் திட்டுத் திட்டாகக் கிடந்தது. விரலால் தொட்டான். வெள்ளைத் தூள் ஒட்டிக்கொண்டது.

அவனுக்கு வேலை நீர்ப்பாசனக் கணக்கீடு. ஸ்பானர் பிடித்த பழக்கம்கூடக் கிடையாது. பழைய செய்முறைப் படங்களைத் தேடிப் பார்த்தான். பெயின்ட் முழுக்கச் சாகவில்லை, மேல்தோல் மட்டும்தான் வெயிலில் வெந்துபோயிருக்கிறது, அதைத் தேய்த்து எடுத்தால் அடியில் நிறம் இருக்கும் என்று ஒரு படத்தில் சொன்னார்கள். பக்கத்துத் தெரு லேத் பட்டறையில் உலோகம் மெருகேற்றும் பசை கிடைத்தது. மெழுகு ஒரு நகைக்கடையில் கிடைத்தது. கிழிந்த பருத்தி வேட்டி வீட்டிலேயே இருந்தது.

முதல் நாளே பிழை செய்தான். அவசரத்தில் தண்ணீர் தொடாமல் உப்புத்தாளை வைத்துப் பானெட்டின் விளிம்பில் தேய்த்தான். சிவப்பு கரைந்து, அதன் அடிப்பூச்சும் போய், உள்ளங்கை அளவுக்குத் தகரம் தெரிந்தது. கையைத் தலையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“உள்ளே வரட்டுங்களா?” ஷெட்டுக்கு வெளியே சம்யுக்தாவின் குரல் கேட்டது. எப்போதும் அப்படிக் கேட்டுவிட்டுத்தான் வருவாள். அவன் பட்டையை அழுத்தினான். கார் மறுபடி மின்னியது. உள்ளே வந்த சம்யுக்தாவும் மலர்ச்சியாகவே இருந்தாள்.

“பளபளன்னுதான இருக்குது? எதுக்கு இப்படி உக்காந்திருக்கீங்க?”

“அணைச்சுட்டுப் பாரு, தெரியும். உங்கப்பா காருல ஓட்டையே போட்டிருப்பேன்.”

அவள் சிரித்துக்கொண்டே முழங்கையைச் சொறிந்தாள். “எங்கப்பா உங்களுக்குப் பொண்ணக் குடுத்தப்பவே அதுக்கெல்லாம் தயாராத்தான் இருந்திருப்பாரு. வந்து சாப்பிடுங்க.”

“நீ சாப்பிட்டியா?”

“பசியில்லீங்க. இந்த வெயில் ஒத்துக்கவே மாட்டேங்குது. உடம்பெல்லாம் ஒரே அரிப்பு.”

வெயில் எல்லோருக்கும்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அவளுடைய மணிக்கட்டுப் பட்டை நாடியையும் சர்க்கரையையும் காய்ச்சலையும் அளந்து, எல்லாம் சரி என்று பச்சைப்புள்ளி காட்டியது. அவனும் அதோடு விட்டுவிட்டான்.

அடுத்தடுத்த வாரங்களில் கை பழகியது. முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவுவது, பிறகு ஈரத்தோடு தேய்ப்பது, பசையை வட்டம் வட்டமாக இழைப்பது, காய்ந்தபின் துடைப்பது. துணியில் ரத்தம்போல் சிவப்பு இறங்கியபோது பயந்தான். அதுதான் சரியான அடையாளம் என்று பிறகு தெரிந்துகொண்டான். ஓட்டுநர் பக்கத்துக் கதவை ஒரு ஞாயிறு முற்பகல் முழுக்க இழைத்தான். கடைசியாக மெழுகைத் துடைத்து எடுத்தபோது கதவுக்குள் அவன் முகம் தெரிந்தது. அதைக் காட்டியது வில்லை அல்ல. நிஜமான சிவப்பு, வெறுங்கண்ணுக்கு முன்னால்.

“சம்யு! இங்க வாயேன்! ஓடி வா!” என்று கத்தினான்.

அவன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு அவள் ஓடிவந்தாள். அன்று உள்ளே வரட்டுமா என்று கேட்கவில்லை.

அவன் திரும்பினான். வாசல் வெளிச்சத்தில் நின்ற பெண்ணை ஒரு கணம் யாரென்று தெரியவில்லை. கழுத்தெலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன. கன்னம் ஒட்டியிருந்தது. கைகளில் சொறிந்த கோடுகள். அவள் தோல் முழுவதும், கண்ணின் வெள்ளை முழுவதும், மஞ்சளாக இருந்தது.

வெயிலின் நிறம் என்று நினைத்தான். வில்லையைப் போட்டான். சம்யுக்தா செழிப்பாக நின்றாள். அணைத்தான். மஞ்சள்.

“என்னங்க அப்படிப் பாக்கறீங்க?” என்றவள், சட்டென்று புரிந்துகொண்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடினாள். “ஐயோ, போடலையா? பாக்காதீங்க… போடுங்க மொதல்ல!”

அவன் அருகில் போய் அந்தக் கைகளைப் பிடித்தான். அவை முகத்தை விட்டு விலக மறுத்தன.

“சம்யு, கையெடு. உன் கண்ணு மஞ்சளா இருக்குது.”

“மஞ்சளாவா?”

“நீயும் அணைச்சுட்டுக் கண்ணாடியப் பாரு.”

அவள் பார்த்தாள். கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். பிறகு, ஏதோ மற்றவர் விஷயத்தைச் சொல்வதுபோல், “எப்ப இப்படி ஆனேன்?” என்றாள்.

மருத்துவர் ரெபெக்காவும் அதையேதான் கேட்டார். வயிற்றைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு, இருவரையும் எதிரில் உட்காரவைத்தார். மருத்துவமனைக்குள் வில்லை தானாகவே அணைந்துவிடும்.

“கணையத்துல ஒரு கட்டி. பித்தம் எறங்கற குழாய அடைச்சிருச்சு, அதான் மஞ்சள். ஈரலுக்கும் பரவியிருக்கு. எப்பலேர்ந்து மஞ்சளா இருக்காங்க?”

நவநீதன் சம்யுக்தாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். அம்மாவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்ற பொழில்தான் சொன்னாள்.

“பள்ளிக்கூடம் தொறக்கறதுக்கு முன்னாடியிருந்து. மொதல்ல கண்ணு மட்டும். அப்புறம் கை.”

நவநீதன் அவளைத் திரும்பிப் பார்த்தான். “சாமி… எங்ககிட்டச் சொல்லவேயில்லையே?”

“பெரியவங்க மூஞ்சியப் பத்திப் பேசக்கூடாதுன்னு மிஸ் சொல்லியிருக்காங்க,” என்றாள். அப்பாவின் முகத்தில் எதைப் பார்த்தாளோ, அவளுடைய உதடு துடிக்க ஆரம்பித்தது. “நான் தப்புப் பண்ணிட்டேனாப்பா?”

“இல்ல கண்ணு,” என்று சம்யுக்தா அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “மிஸ் சொன்னதக் கேட்டிருக்கற. நீ நல்ல புள்ள. உம்மேல ஒரு தப்பும் இல்ல.”

குழந்தையை நர்ஸ் வெளியே கூட்டிப்போன பிறகு நவநீதன் கேட்டான். “அப்பவே வந்திருந்தா?”

ரெபெக்கா பேனாவை மேசையில் வைத்தார். “கட்டி சின்னதா இருந்திருக்கலாம். அறுத்து எடுத்திருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது.” பிறகு தணிந்த குரலில் தொடர்ந்தார். “எங்க அம்மா காலத்துல இந்த மாதிரிக் கேஸை மொதல்ல கண்டுபிடிக்கறது டாக்டர் இல்லீங்க. பால் ஊத்த வர்றவங்க, பக்கத்து வீட்டுக்காரங்க. ‘என்ன, கண்ணு மஞ்சளா இருக்கே’ன்னு கேட்டுருவாங்க. இப்ப எங்கிட்ட வர்ற மஞ்சக் கண்ணெல்லாம் கடைசி நேரத்துலதான் வருது.”

குழாயில் அடைப்பை நீக்கினார்கள். மஞ்சள் சற்று வடிந்தது, நோய் வடியவில்லை. வீட்டுக்கு வந்த அன்று சம்யுக்தா சொன்னாள்: “இனிமே நாம ரெண்டு பேரும் போட வேண்டாம்.”

சாம்பல் சுவர்களுக்கு நடுவே அவர்கள் முதல்முறையாகப் பகல் வெளிச்சத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவனுடைய காதோரம் நரைத்திருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மூக்கின் பக்கத்தில் ஒரு தழும்பைத் தொட்டு, “இது எப்ப?” என்று கேட்டாள். மூன்றாம் வகுப்பில் சைக்கிளிலிருந்து விழுந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அதைப் பற்றிப் பேச அவர்களுக்கு வாய்ப்பே வந்ததில்லை.

“நான் எப்படி இருக்கேன்? நெசமாச் சொல்லுங்க.”

“எளைச்சுப்போயிட்ட. மேலுதடு மேல சின்னதா ஒரு மச்சம் இருக்குது. அது எனக்குத் தெரியவே தெரியாது.”

“அதை எங்கம்மா திருஷ்டிப் பொட்டும்பாங்க,” என்று சொல்லிவிட்டு அழுதாள். அவனும் அழுதான்.

காரை அப்படியே விட்டுவிட நினைத்தான். அவள்தான் விடவில்லை. ஷெட்டில் ஒரு கட்டிலைப் போடச் சொல்லி, அதில் சாய்ந்துகொண்டு அவன் தேய்ப்பதைப் பார்த்தாள். இங்கே விட்டுப்போச்சு, அங்கே மெழுகு ஒட்டிக்கிடக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சுக் குறைந்த நாட்களில் விரலை மட்டும் நீட்டிக் காட்டினாள். தகரம் தெரிந்த விளிம்பை மூடப் பெயின்ட் எங்கும் கிடைக்கவில்லை; துருப்பிடிக்காமல் மெழுகை மட்டும் தடவி வைத்தான். மற்ற இடமெல்லாம் சிவந்தது. ஒரு ஞாயிறு அவளைத் தூக்கி முன் சீட்டில் உட்காரவைத்து மூவரும் குளக்கரைக்குப் போனார்கள். பிள்ளைகள் ஓடிவந்து காரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். யாரும் கத்தவில்லை. பொழில் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, அதன் பக்கத்திலேயே நின்றாள். சம்யுக்தா அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதன்பிறகு அவள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு காலை அவள் இறந்துபோனாள்.

கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் வந்து மாலை போட்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

“தூங்கற மாதிரியே இருக்கறா பாரு.”

“முகத்துல ஒரு வாட்டம் இருக்குதா? மகராசி, கஷ்டப்படாமப் போய்ட்டா.”

நவநீதன் சுவரோடு சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கண்ணுக்குத் தெரிந்தது உலர்ந்து சுருங்கிய சின்ன உடம்பு. வலியில் கடித்துக் கடித்துக் காய்த்துப்போன உதடு. அவள் பட்ட பாடு முழுக்க அந்த முகத்தில் இருந்தது. யாருமே அதைப் பார்க்காமல் எடுத்துப்போய் எரிக்கப் போகிறார்கள்.

“அவ கஷ்டப்பட்டா,” என்றான். “தயவுசெஞ்சு ஒரு தடவ அணைச்சுட்டுப் பாருங்க. அவளப் பாருங்க.”

தலைகள் குனிந்தன. ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். துக்க வீட்டில், அதுவும் போனவளை வெறுங்கண்ணால் பார்ப்பதா என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சம்யுக்தாவின் அண்ணன் வாசுதேவன், மருமகள் பொழிலை மடியிலிருந்து இறக்கினார். மணிக்கட்டுப் பட்டையை அழுத்தினார். தங்கையைப் பார்த்தார். அவருடைய வாய் திறந்தது. பிறகு அவர் நெஞ்சில் அறைந்துகொண்டு, “எஞ்சாமி, இத்தன பட்டியா நீயி” என்று அலறிய சத்தத்தில் ஒவ்வொன்றாகக் கைகள் மணிக்கட்டுக்குப் போயின. அந்த வீட்டில் அப்போதுதான் அழுகை தொடங்கியது.

அழுது ஓய்ந்து வாசுதேவன் தலை நிமிர்ந்தார். இன்னும் வில்லையைப் போடவில்லை. சுவரோரம் நின்றிருந்த நவநீதன் மேல் அவர் பார்வை விழுந்து, அங்கேயே நின்றது. எழுந்து வந்து அவன் தோளைத் தொட்டார்.

“மாப்ள,” என்றார், “நீங்க சாப்ட்டு எத்தன நாளாச்சு?”

நவநீதன் அவர் தோளில் முகத்தைப் புதைத்தான். அவர் அவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.