கதவின் கீழ்ப்பாதி

மழை விட்ட பிறகும் சாக்பீஸ் கோடுகள் அழியாமல் இருந்ததை அவள்தான் முதலில் பார்த்தாள். விடிய விடியப் பெய்த மழை. செடிகள் தலை சாய்ந்து கிடந்தன, தெருவோரமெல்லாம் இலையும் மண்ணும் ஒதுங்கியிருந்தன. ஆனால் எதிர்வீட்டு வாசலிலிருந்து தெருவின் நடு வரை யாரோ போட்டிருந்த பாண்டியாட்டக் கட்டங்கள் மட்டும் இப்போதுதான் வரைந்தவை போல வெள்ளை வெளேரென்று இருந்தன. நல்ல ரகச் சாக்பீஸாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். புது வேலையில் முதல் வாரம். நின்று யோசிக்க நேரம் ஏது?

பல்கலைக்கழகத்தில் நகரமைப்பு சொல்லிக்கொடுக்க வந்திருந்தாள். ஒரு தெரு எப்படிப்பட்டது என்று அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்கவே கூடாது, தன் தெருவைப் பற்றி எல்லோரும் வாய் கூசாமல் புளுகுவார்கள் என்பது அவள் கட்சி. "ஆளைப் பார்க்காதீங்க, தடத்தைப் பாருங்க" என்று மாணவர்களிடம் சொல்லிச் சொல்லியே பேர் வாங்கியவள். ஊர் மாற வேண்டும், குழந்தையை வைத்துக்கொண்டு குடியிருக்கத் தோதான தெரு வேண்டும் என்றதும் வீடு தேடியது அதே முறையில்தான். நேர்காணலுக்கு வந்தபோது பகலெல்லாம் கால் வலிக்க நடந்தாள். இந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் மனம் குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வீடு வாசலில் சின்னச் சின்னக் காலணிகள். சுவரோரம் குட்டி சைக்கிள்கள். மூலைப் பூங்காவில் ஊஞ்சலுக்கு அடியில் புல் தேய்ந்து குழி விழுந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு வாசற்கதவின் வெளிப்புறத்திலும் கீழ்ப்பாதியில், ஒரு குழந்தையின் கை எட்டும் உயரத்தில், வர்ணம் உதிர்ந்து மரம் தெரிந்தது. விளையாடிவிட்டு ஓடி வந்து தட்டித் தட்டியே கதவுகளை இப்படி ஆக்கியிருக்கின்றன வாண்டுகள் என்று சிரித்துக்கொண்டாள். இந்தத் தெருவுக்குத்தான் முதல் மதிப்பெண். நேரில் ஒரு குழந்தைகூடக் கண்ணில் படவில்லைதான். பள்ளிக்கூட நேரத்தில் எங்கிருந்து படும்?

கணவனுக்கு அவளுடைய இந்த வித்தையைக் கேலி செய்யாவிட்டால் பொழுது போகாது.

"நல்லவேளை, கல்யாணத்துக்கு முன்னாடி என் செருப்பை நீ பார்க்கல. அதைப் பார்த்தே வேண்டாம்னு சொல்லியிருப்ப."

அவன் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவன், எங்கே போனாலும் ஒன்றுதான். தெருவை இவ்வளவு பார்த்துத் தேடியதே மகளுக்காகத்தான் என்று சொல்லலாம். சிட்டு என்று கூப்பிடுவார்கள். ஐந்து வயது, வாய் ஓயாது. அவள் பேசுவது நின்றால் ஒன்று தூங்கிவிட்டாள், இல்லையென்றால் ஏதோ விஷமம் நடக்கிறது என்று அர்த்தம். பழைய வீட்டில் அவள் ஓடினால் கீழ்வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். கதவு தட்டுவதிலும் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. இரண்டு கையாலும் தடதடவென்று தட்டி, முடிவில் ஓர் உதை.

எதிர்வீட்டு அம்மாள் ஒரு கிண்ணத்தில் இனிப்பு எடுத்துக்கொண்டு பார்க்க வந்தாள். உள்ளே சிட்டு தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் பேச்சை நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாள்.

"சரியான வாயாடி, அக்கா. தொந்தரவா இருந்தா சொல்லிடுங்க."

"இதுல என்ன தொந்தரவு? வந்த புதுசுல எல்லாக் குழந்தைங்களும் இப்படித்தான். அப்புறம் அடங்கிடும்."

உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டதற்கு, ரெண்டு பேர், உள்ளேதான் இருக்கிறார்கள் என்றாள். எதிர்வீட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நல்ல வளர்ப்பு என்று இவளுக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

வகுப்பு சீக்கிரம் முடிந்த ஒருநாள்தான் அந்தி நேரத்துத் தெருவை முதன்முதலாகப் பார்த்தாள். விளக்குக் கம்பங்கள் எரியத் தொடங்கியதும் எல்லா வீட்டுக் கதவுகளும் திறந்தன. எல்லா வாசலிலும் ஓர் அம்மா. இருட்டிடுச்சு, உள்ளே வா, வா கண்ணு என்று தெரு முழுக்கக் குரல்கள், ஈர மண்ணின் வாடை, எங்கிருந்தோ ஊஞ்சல் சங்கிலியின் கிறீச்சொலி. பிறகு ஒவ்வொருத்தியும் சற்று ஒதுங்கி வழிவிட்டாள், கீழே பார்த்துச் சிரித்தாள், கதவைச் சாத்தினாள். உள்ளே போன ஒரு குழந்தையையும் இவள் பார்க்கவில்லை. இருட்டில் சரியாகத் தெரியவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கதவுகள் சாத்திய பிறகு தெரு நெடுகிலும் மெல்லிய தடதடப்பு ஒன்று கேட்டது. பழைய குழாய்களில் காற்று அடைத்தால் அப்படித்தான் கேட்கும். வெகுநேரம் கேட்டது.

மறுநாள் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். கதவு திறக்கும்வரை சும்மா நிற்காமல், தொழில் புத்தி, வாசலில் இருந்த குட்டிக் காலணிகளைக் குனிந்து பார்த்தாள். தோல் வெடித்திருந்தது. உள்ளே சிலந்தி கூடு கட்டியிருந்தது. பக்கத்து வீட்டு வாசலை எட்டிப் பார்த்தாள். அங்கும் அப்படித்தான். இத்தனை நாள் அவள் பார்த்ததெல்லாம் தடம். தடம் மட்டும்தான். ஆளை ஒருநாளும் பார்க்கவில்லை.

கதவு திறந்தபோது உள்ளே சாப்பாட்டு மேசை தெரிந்தது. இரண்டு சின்னத் தட்டுகள், கை படாத சாப்பாடு.

"சாப்பிட்டுட்டு இருக்காங்க" என்றாள் அந்த அம்மாள்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். நீயாகத் தேடிப் பிடித்த தெருவாயிற்றே என்று அவன் சிரிக்க ஆரம்பித்தான், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். பல்கலைக்கழக விருந்தினர் விடுதியில் ஓர் அறை கேட்டு வாங்கினாள். சனிக்கிழமை போய்விடலாம். அதுவரை பொழுது சாய்ந்தால் சிட்டு வாசற்படி தாண்டக் கூடாது. கணவன் சரியென்று தலையாட்டினான். அவன் நல்லவன்தான். ஆனால் அவள் பயந்த அளவுக்கு அவன் பயப்படவில்லை.

வெள்ளிக்கிழமை துறைக் கூட்டம் சவ்வாக இழுத்தது. பஸ்ஸை விட்டு இறங்கியபோது விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. தெருவுக்குள் ஓடினாள். கதவுகள் திறந்திருந்தன. அம்மாக்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஆனால் ஒருத்தியும் கூப்பிடவில்லை. எல்லோரும் இவள் வருவதையே பார்த்தார்கள், பிரியமாக.

தன் வீட்டு வாசலில் கணவன் நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"போன் பேசிட்டு வர்றதுக்குள்ள வெளிய போயிட்டா. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். சத்தமே இல்ல."

வாசலிலிருந்து தெருவுக்குப் புதிதாகப் பாண்டிக் கட்டங்கள் போயிருந்தன. கோணல்மாணல் கட்டங்கள். சிட்டு போட்டவை. அவள் குனிந்து ஒரு கோட்டை விரலால் தேய்த்தாள். அழியவில்லை.

பூங்காவுக்கு ஓடினாள். ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. செடிகளுக்குள், சுவருக்குப் பின்னால், வீட்டின் பின்கட்டில் எங்கும் இல்லை. திரும்பி வந்து தன் வாசற்படிக்குள் நின்றபோது மூச்சு வாங்கியது. எதிர்வீட்டு அம்மாள் தன் வாசலிலிருந்தே பேசினாள், குரலை உயர்த்தாமல்.

"அப்பா கூப்பிட்டா வரமாட்டாங்க மேடம். அம்மா கூப்பிடணும். நாங்கல்லாம் அப்படித்தான் கூப்பிட்டோம்."

கூப்பிடக் கூடாது என்று உடம்பு முழுக்கச் சொன்னது. ஆனால் தெரு இருட்டிக்கொண்டு வந்தது, குழந்தை அந்த இருட்டில் எங்கோ இருந்தது. எந்த அம்மாவால் கூப்பிடாமல் இருக்க முடியும்?

"சிட்டு, உள்ள வாம்மா. அம்மா வந்துட்டேன் பாரு."

ஊஞ்சல் நின்றது.

வாசலில் தொங்கிய திரைச்சீலையின் கீழ்நுனி மெல்ல விலகியது. எதுவும் தெரியவில்லை. கால் அருகே சில்லென்று ஒரு காற்று. பிறகு அவள் கைக்குள் ஒரு சின்னக் கை வந்து நுழைந்துகொண்டது. அதே அளவு. விரல்களில் சாக்பீஸ் தூள்.

"வந்துட்டா" என்று கணவன் பெருமூச்சு விட்டான். கீழே பார்த்துச் சிரித்தான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். தெரு நெடுகிலும் கதவுகள் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

குனிந்து பார்க்கவும் தோன்றாமல் அவளுக்கு நிம்மதியில் அழுகை வந்தது.

"எங்கடி போன? அம்மா உயிரே போயிடுச்சு."

அந்தக் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"சிட்டு, பேசு."

பேசவில்லை. வாய் ஓயாதவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கை மட்டும் இருந்தது. சூடு இல்லாத கை.

அப்போது கதவின் கீழ்ப்பாதியில் வெளியிலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு கையாலும். தடதடவென்று. முடிவில் ஓர் உதை.

"அம்மா, கதவைத் திற. நான் இங்க இருக்கேன். அம்மா."

கணவன் காதில் அது விழவே இல்லை. குனிந்து, காற்றில் யாருக்கோ தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தான். பசிக்குதா கண்ணு என்று கேட்டான்.

அவள் தாழ்ப்பாளை நோக்கி மறுகையை நீட்டினாள். எட்டவில்லை. சின்ன விரல்கள் இறுகின. இன்னும் இறுகின. ஓர் அடிகூட நகர முடியவில்லை. கூப்பிட வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

வெளியே தட்டல் நிற்கவில்லை. எதிர்வீட்டுக் கதவிலும் கேட்டது. பக்கத்து வீட்டிலும். அதற்கடுத்த வீட்டிலும். தெரு நெடுகிலும், எல்லாக் கதவுகளின் கீழ்ப்பாதியிலும், சின்னச் சின்னக் கைகள். உள்ளே எல்லா வீடுகளிலும் விளக்கு எரிந்தது, தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. அவள் வீட்டுக் கதவில் சிட்டு இப்போது நகத்தால் பிறாண்ட ஆரம்பித்திருந்தாள்.