வளராத தாடி

"எங்கப்பா செத்த அன்னைக்கு யாரோ வீட்டுக்குள்ள வந்து அவருக்குத் தாடி திருத்திவிட்டுப் போயிருக்காங்க சார். அது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

வந்தவர் கட்டட ஒப்பந்தக்காரர். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார், உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். சட்டையில் சிமெண்டுத் தூசு, கண்ணில் தூக்கமின்மை. துப்பறிவாளர் அவருக்கு முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

இந்தத் துப்பறிவாளரை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் சொல்வார்கள். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறாள். அந்த மனைவியின் தம்பிதான் அவருக்கு உதவியாள். மச்சான் என்று கூப்பிட்டால் போதும், ஓடி வந்துவிடுவான். முப்பது வயதைத் தாண்டியும், கேள்வி முடிவதற்குள் பதில் சொல்கிற பழக்கம் அவனை விட்டுப் போகவில்லை.

ஒப்பந்தக்காரர் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். கண் மூடிய முதியவர். வெள்ளைத் தாடி கன்னத்தை ஒட்டி அழகாகக் கத்தரிக்கப்பட்டிருந்தது. இடது தாடையோரம் மட்டும் முடியைக் கொஞ்சம் அடர்த்தியாக விட்டிருந்தார்கள். மோவாயில் ஒரு சின்ன வெட்டு.

"அவசரத்துல வெட்டியிருக்கான் மாமா!" என்றான் மச்சான். "ஒரு பக்கம் முடியை விட்டுட்டான், காயம் வேற பண்ணியிருக்கான்!"

"ரத்தத்தை யாராவது துடைச்சீங்களா?" என்று கேட்டார் நிதானம்.

"இல்ல சார், ரத்தமே இல்ல. சட்டையில, தலையணையில, எங்கயும் இல்ல. வெட்டின முடிகூட ஒண்ணும் சிக்கல. அதனாலதான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு."

பிறகு கதையைச் சொன்னார். அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். போன வருடம் பக்கவாதம் வந்தது. "ரெண்டு பேரையும் ஒரே வீட்ல வச்சுப் பாக்க எங்களால முடியல சார். ஆளுக்கு ஒருத்தரா பிரிச்சுக்கிட்டோம். அப்பா தங்கச்சி வீட்ல, அம்மா என்கூட." பாத்திரம் பண்டம் பிரித்துக்கொண்டதைப் போலத்தான் அதைச் சொன்னார்.

"அப்புறம் அப்பாவோட ஆபரேஷன் விஷயத்துல அவளுக்கும் எனக்கும் பெரிய சண்டை. பேச்சே இல்ல. நானும் போகல, அம்மாவையும் விடல. 'அந்த வீட்டு வாசப்படியை மிதிச்சா என்னை மறந்துடு'ன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். கோவத்துல சொன்னதுதான்."

"அம்மா இப்ப எப்படி இருக்காங்க?"

"திடமா இருக்காங்க சார். போன புதன்கிழமை, செய்தி கேட்டு அடிச்சுப் பிடிச்சு வீட்டுக்கு ஓடிவந்தா, வேற சேலை மாத்திக்கிட்டு வாசல்லயே உட்கார்ந்திருந்தாங்க. அதுக்கு முந்தின மாசம் பூரா முட்டி வீங்கிப் படுத்த படுக்கை. அன்னைக்குத்தான் எழுந்து பழையபடி முட்டி வைத்தியத்துக்குப் போயிட்டு வந்தாங்க. புதன்கிழமை ஆச்சுன்னா தனியா பஸ் ஏறிப் போவாங்க, பாவம்."

நிதானம் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார்.

"தங்கச்சிதான் யாரையோ உள்ள விட்டிருக்கா, இப்ப மறைக்கிறா. அப்பாவுக்கு என்ன ஆச்சோ! போலீஸ்ல அவ பேரை எழுதிக் கொடுக்கப் போறேன்."

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்குங்க," என்றார் நிதானம். "கூடப் பிறந்தவ பேரை எழுதிக் கொடுத்துட்டா அப்புறம் அழிக்க முடியாது."

தங்கை பள்ளிக்கூட டீச்சர். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அப்பா இருந்த அறையை அவளாகவே திறந்து காட்டினாள். கட்டில், ஊன்றுகோல், மாத்திரை டப்பா, சுவரில் ஒரு பழைய போட்டோ. பஸ்ஸின் முன்னால் இளவயது அப்பா, தாடியில்லாத முகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"காலையில சாப்பாடு ஊட்டிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போனேன். தாடி காடு மாதிரி கிடந்துச்சு. ஞாயித்துக்கிழமை முடிவெட்டுற ஆளைக் கூட்டிட்டு வரலாம்னு இருந்தேன். திரும்பி வந்து பாத்தா தாடி ஒழுங்கா இருக்கு, அப்பா இல்ல. காலையிலயே தூக்கத்துல உயிர் போயிருக்குன்னு டாக்டர் சொன்னாரு."

"அதுக்கு முன்னாடியெல்லாம் யாரு வெட்டிவிடுவாங்க?"

"யாருமே இல்ல. கேட்டா வேண்டாம்னுடுவாரு. அது வளராம அளவாத்தான் இருந்துச்சு. வயசானா வளராது போலன்னு நினைச்சுக்கிட்டேன். இந்த ஒரு மாசமாத்தான் கண்டபடி வளர்ந்துச்சு."

மச்சான் போட்டோவை எட்டிப் பார்த்தான். "தாடையில கோடு மாதிரி ஏதோ இருக்கே?"

"அது போட்டோ மடிஞ்ச கோடு. சின்ன வயசுல இருந்தே பாக்கறேன்," என்றாள் டீச்சர்.

நிதானம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றார். மச்சான் இரண்டு தடவை கொட்டாவி விட்ட பிறகுதான் திரும்பினார்.

"வீட்டுச் சாவி எங்க வைப்பீங்க?"

"கரண்டு மீட்டர் பெட்டிக்குள்ள. எங்க குடும்பத்துல எப்பவும் அங்கதான் வைப்போம்." சட்டென்று அவள் குரல் உடைந்தது. "எங்கண்ணன்தான் சார் யாரையோ அனுப்பியிருக்கான். அப்பாவை நான் சரியா பாத்துக்கலன்னு ஊருக்குக் காட்ட. தாடி வெட்டக்கூட நாதியில்லாம நான் போட்டு வச்சிருந்தேன்னு சொல்லிக்காட்ட!"

தெருவில் இறங்கியதும் நிதானம் சொன்னார். "மச்சான், அந்த முட்டி வைத்தியம் பாக்கிற இடத்துக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வா."

"தாடிக்கும் முட்டிக்கும் என்ன மாமா சம்பந்தம்?" என்று சிரித்துக்கொண்டேதான் போனான். பதிலோடு திரும்பி வந்தவன் மறுநாள் சாயங்காலம் வரைக்கும் சிரிக்கவில்லை.

ஒப்பந்தக்காரர் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு மூலை. அம்மா நடுவில் ஒரு நாற்காலியில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் வந்ததைப் பார்த்து முகம் மலர்ந்தது, மகனைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"முதல்ல ஒண்ணு," என்று ஆரம்பித்தார் நிதானம். "உங்க அப்பாவை யாரும் ஒண்ணும் பண்ணல. உயிரோட இருக்கிறவர் மோவாயில கத்தரி பட்டா ரத்தம் வராம இருக்காது. அவர் போனதுக்கு அப்புறம்தான் அந்தத் தாடியைத் திருத்தியிருக்காங்க."

"ஐயோ!" என்றாள் டீச்சர்.

"யாரும் வெட்டாம அளவா நிக்கிற தாடி உலகத்துலயே கிடையாதும்மா. யாரோ வாரா வாரம் வந்து, பாக்கிறவங்களுக்குத் தெரியாத மாதிரி கொஞ்சம் கொஞ்சமா நறுக்கிவிட்டிருக்காங்க. போன மாசம் பூரா அவங்களால வர முடியல. தாடி வளர்ந்துடுச்சு."

ஒப்பந்தக்காரர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். போன மாதம் முழுக்க யார் படுத்திருந்தது என்பது அவர் சொன்ன சேதிதானே. திறந்த வாயோடு அம்மாவின் முட்டியைப் பார்த்தார்.

"இடது பக்கம் விட்டுவச்ச முடியை அவசரம்னு நினைச்சான் மச்சான். அது அவசரமில்ல, அக்கறை. அந்தப் போட்டோவுல இருக்கிறது மடிப்பு கிடையாது. மடிப்பா இருந்தா தாடையோட நிக்காது, பின்னாடி இருக்கிற பஸ் மேலயும் ஓடியிருக்கும். அது தழும்பு. பெத்த பிள்ளைங்களுக்கே தெரியாத தழும்பை மறைச்சு வெட்டத் தெரிஞ்ச கை ஒண்ணுதான் இருக்கும்." அம்மாவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. "மச்சான், வைத்தியர் என்ன சொன்னாரு?"

மச்சான் எழுந்தான். எதற்கெடுத்தாலும் முந்திக்கொள்ளும் அந்த வாய்க்கு அன்றைக்கு என்ன ஆயிற்றோ, ஒரு சொல் வரவில்லை.

"அந்தத் தம்பியைக் கஷ்டப்படுத்தாதீங்க," என்றார் அம்மா. "வைத்தியத்துக்கு நான் முதல் நாள் மட்டும்தான் போனேன். மத்த புதன்கிழமையெல்லாம் அவரைப் பாக்கத்தான் போனேன்."

மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டே அம்மா தொடர்ந்தார்.

"அந்தப் போட்டோ எடுத்த கையோட தழும்பை மறைக்கத் தாடி வளர்த்தாரு. என்னைத் தவிர யாரையும் தாடியில கை வைக்க விட்டதில்ல. மெத்தை மேல துண்டு விரிச்சு நறுக்குவேன். முடியைத் துண்டோட சுருட்டி எடுத்துக்கிட்டு வந்துடுவேன். 'ரொம்ப வெட்டிடாதே, பொண்ணு கண்டுபிடிச்சிடுவா'ன்னு சிரிப்பாரு. வாய் கோணிப்போயும் அந்தச் சிரிப்பு மட்டும் போகல."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அன்னைக்கு ஒரு மாசம் கழிச்சுப் போறேன். வரலைன்னு கோவிச்சுக்கிட்டுக் கண்ணை மூடிப் படுத்திருக்காருன்னு நினைச்சேன். முட்டி வலி, படி இறங்க முடியலன்னு சமாதானம் சொல்லிக்கிட்டே துண்டை விரிச்சேன். பதிலே இல்ல. கன்னத்தைத் தொட்டப்பதான் சில்லுனு இருந்துச்சு."

மகன் பக்கம் திரும்பினார்.

"சத்தம் போட்டு அழுதிருந்தா அக்கம்பக்கத்துல வந்திருப்பாங்க. நான் அங்க போனது உனக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா நாலு பேர் வந்து பாக்கப் போற முகமாச்சேப்பா. அப்படியே விட்டுட்டு வர மனசு கேக்கல. கை நடுங்கி ஒரு இடத்துல பட்டுடுச்சு. இத்தனை வருஷத்துல ஒரு நாள் பட்டதில்ல. அப்புறம் வீட்டுக்கு வந்தேன். நீ வந்து சொன்னாத்தானே நான் அழலாம். அதனால சேலையை மாத்திக்கிட்டு வாசல்ல உட்கார்ந்துக்கிட்டேன்."

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். புருஷன் செத்த துக்கத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, மகன் வந்து அனுமதி தரட்டும் என்று காத்திருந்த மனுஷி! அவன் கண்ணீரைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா," என்று விம்மினாள் டீச்சர்.

"சொன்னா நீ அண்ணன்கிட்ட சண்டைக்குப் போவே. எனக்கு அவரும் வேணும், நீங்க ரெண்டு பேரும் வேணும். யாருக்கும் தெரியாம இருந்தா எல்லாரும் இருப்பீங்கன்னு நினைச்சேன்."

ஒப்பந்தக்காரர் தள்ளாடி வந்து தரையில் உட்கார்ந்தார். அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி தேம்பினார். "தப்புப் பண்ணிட்டேம்மா. இனிமே நீ எப்ப வேணும்னாலும் அங்க போ. நானே கார்ல கூட்டிட்டுப் போறேன். எத்தனை நாள் வேணும்னாலும் இரு."

அம்மா அவர் தலையைத் தடவிக் கொடுத்தார். கோபமே இல்லாத குரலில் கேட்டார்.

"இனிமே அங்க போய் யாரைப்பா பாக்கிறது?"

அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.