முப்பது கிலோ

காலையில் பதினாறு கிலோ இருந்த பெட்டி மதியம் முப்பது காட்டியது.

இடையில் யாரும் அதைத் திறக்கவில்லை. கணவன் இருபது வருடமாகப் பார்சல் ஆபீசில் இருப்பவன். பூட்டியதோடு விடாமல், நீளவாக்கில் இரண்டு, குறுக்கே இரண்டு என்று நைலான் பட்டை போட்டு இறுக்கியிருந்தான். அதன் பிறகுதான் மூவரும், தீவை விட்டுக் கிளம்பும் முன் கடைசியாக ஒருமுறை கடலுக்குப் போய்விட்டு வந்தார்கள்.

காலையில் தராசு தப்பாகக் காட்டியிருக்கும் என்றான் அவன். விமானத்தில் முப்பது வரை அனுமதி உண்டு, ஒரு கிராம் கூடவில்லை, பிறகென்ன? பிரித்துப் பார்த்துவிடலாமே என்று அவள் சொன்னதற்குச் சிரித்தான்.

"நான் கட்டினதை நானே பிரிச்சதா சரித்திரமே கிடையாது."

அவன் விடுதி அறையின் மேசை முன் உட்கார்ந்து சுங்கப் படிவத்தை நிரப்பினான். சிப்பி, பவளம், விதை, உயிருள்ளது ஏதாவது எடுத்துச் செல்கிறீர்களா? இல்லை. பெட்டியைக் கட்டியது நீங்கள்தானா? ஆம். அந்த ஆமுக்கு மட்டும் அடிக்கோடு போட்டான்.

அவள் கட்டிலில் மகள் சின்னுவின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது துண்டும் நனைந்துவிட்டது. ஏசியின் உறுமலுக்கு அடியில், எங்கிருந்தோ வடிந்துபோன கடலின் சேற்று வாடை மெல்லக் கிளம்பி, திரைச்சீலையிலும் தலையணையிலும் அவள் விரலிடுக்கிலும் ஏறிக்கொண்டிருந்தது. கரையில் சின்னு பாறைக்குப் பின்னால் போனது நினைவுக்கு வந்தது. ஒரு நிமிடம். அதுகூட இருக்காது. கூப்பிட்டதும் வந்துவிட்டாள்.

"சின்னு, இங்க வா. ஆபீசர் வந்திருக்கேன்," என்று கணவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்கிய விளையாட்டு. குடியேற்ற அதிகாரி கேட்டால் மிரளக் கூடாதென்று பழக்கினான். நான்கு வயது சின்னு ஒருநாளும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. பெயரைக் கேட்டால் சிரிப்பாள். வயதைக் கேட்டால் "உங்களுக்கு எத்தனை?" என்பாள். அப்பா பெயர் என்ன என்றால் "குண்டு" என்பாள். வரும்போது நிஜ அதிகாரியிடமும் அதையே சொல்லி மானத்தை வாங்கினாள்.

இன்று நிமிர்ந்து நின்றாள். பெயரைச் சொன்னாள். பிறந்த தேதியைச் சொன்னாள். அப்பா பெயர், அம்மா பெயர், தங்கிய நாட்கள். பாஸ்போர்ட் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள்.

"பாத்தியா, எம்பொண்ணு!" என்றான் கணவன்.

பாஸ்போர்ட் எண்ணை யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை.

வண்டி வந்தது. கணவன் பெட்டியை உருட்டிப் போனான். ஏற்றிவிட அவள் மகளை இடுப்பில் கைகொடுத்துத் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் பின்னால் சாயப் பார்த்தாள். கொடியில் காயும் சட்டையை எடுத்ததுபோல் இருந்தது. போன மாதம்தான் டாக்டர் எடை பார்த்தார். பதினான்கு கிலோ.

பதினான்கு.

வழியெல்லாம் அவள் சொல்லிப் பார்த்தாள். பெட்டியைத் திறங்க. ஒரே ஒரு தடவை. ஃபிளைட் பயத்தில் உளறுகிறாய் என்று அவன் மாத்திரையை நீட்டினான். இருவருக்கும் நடுவில் சின்னு சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இருக்கை அமுங்கவில்லை.

அது சின்ன விமான நிலையம். ஓடும் சோதனைப் பட்டையில் வைத்த பெட்டி திரும்பக் கைக்கு வராது. நேராக விமானத்துக்குப் போய்விடும். பெட்டி எக்ஸ்ரே கருவிக்குள் நுழைந்தது. பட்டை நின்றது. சுங்க அதிகாரி, நடுவயதுப் பெண், திரையை உற்றுப் பார்த்தாள்.

அவளும் எட்டிப் பார்த்தாள்.

துணிகளின் மங்கலான நிழலுக்கு நடுவே விலா எலும்புகள். மடங்கிய முழங்கால். வாயருகே கட்டை விரல்.

"திறங்க. உள்ள எம்பொண்ணு இருக்கா."

அதிகாரிக்கு அந்த மொழி தெரியாது. தாயின் கையைப் பிடித்து நின்ற குழந்தையைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். கணவன் முகம் சிவக்க, மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னான். திரையை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டியது அவன்.

அவள் பாய்ந்தாள். கை வரவில்லை. சின்னுவின் விரல்கள் அதை இறுக்கிப் பிடித்திருந்தன. எலும்பு நெரிந்தது.

அதிகாரி குனிந்து, திரையைக் காட்டி, குழந்தையிடம் ஏதோ கேட்டாள்.

சின்னு பதில் சொன்னாள். அந்தத் தீவின் மொழியில். தடுமாறாமல், நீளமாக, கொஞ்சலாக.

அதிகாரி சிரித்துவிட்டாள். கன்னத்தைத் தட்டினாள். ஈரமான கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

பட்டை நகர்ந்தது. பெட்டி மறுபக்கம் வெளியே வந்தது. நைலான் பட்டைகளுக்கு நடுவே பெட்டியின் மேல்துணி உள்ளிருந்து புடைத்தது. சின்ன உள்ளங்கை. ஐந்து விரல். விரிந்தன. அழுத்தின.

அப்படியே சுவரின் துளைக்குள் போயின.