வறுத்த பயறு முளைக்குமா?

சீனாவின் ஜிங்தேஜென் ஊரில் பீங்கான் கிண்ணம் செய்ய எத்தனையோ பேர் உண்டு. அதை உடையாமல் கட்டி அனுப்ப வேண்டுமென்றால் எல்லோரும் யின்சூவின் அப்பா ஷென்னைத்தான் தேடி வருவார்கள்.

கிண்ணங்களை அடுக்கி, இடுக்குகளில் மண்ணும் பயறும் தூவி, வைக்கோல் கயிற்றால் கட்டித் தண்ணீர் தெளிப்பார் ஷென். பயறு முளைத்து வேர்கள் பின்னிக்கொண்டால் போதும். கட்டைத் தூக்கித் தரையில் போட்டாலும் உள்ளே ஒரு கீறல் விழாது.

இந்த முறை ஒன்றுமே முளைக்கவில்லை.

“மண்ணு சரியில்ல,” என்றார் ஷென். சற்று யோசித்து, “தண்ணியும் சரியில்ல,” என்றார். பக்கத்து வீட்டுச் சேவல் கூவியது. “அதுவும் சரியில்ல.”

பரங்கிக் கப்பலுக்குச் சரக்கு வாங்கும் குவோ மூன்று நாளில் படகோடு வந்துவிடுவார். கட்டைக் கீழே போட்டுப் பார்த்துத்தான் வாங்குவார்.

யின்சூ சாக்கில் மிச்சமிருந்த பயறில் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். நறுக்கென்றது.

“அப்பா, இது உப்புப் போட்டு வறுத்தது.”

ஷென் ஒன்றை மென்றார். இன்னொன்றையும் மென்றார். முகம் சுண்டிப்போனது. சாயங்காலம் கொறிப்பதற்கென்று அவரே வறுத்து வைத்த பயறு அது.

“உங்கம்மாகிட்ட சொல்லிடாதே,” என்றார் மெதுவாக.

“எனக்குக் கேட்டுடுச்சு,” என்றாள் அம்மா சமையலறையிலிருந்து. “வறுத்த பயறைப் போட்டுட்டு சேவலைத் திட்டுறாரு.”

“இனிமே ஊறவச்சு எப்ப முளைக்கிறது? குவோ வேற ஆள்கிட்ட போயிடுவாரு,” என்று ஷென் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

யின்சூ நல்ல பயறு வாங்கச் சந்தைக்கு ஓடினாள். அங்கே முளைப்பயறு விற்கும் மியாவ் அத்தை கண்கலங்கி உட்கார்ந்திருந்தாள். விடாத மழையில் சந்தைக்கு யாரும் வரவில்லை. கூடையில் முளைகள் நீளமாக வளர்ந்து சிக்கிக் கிடந்தன.

“பாரு பொண்ணே, பயறுக்குத் தாடியே வந்தாச்சு. இதை யாரு வாங்குவா? ஆத்துலதான் கொட்டணும்.”

“அழாதீங்க அத்தை, நான் பிரிச்சுத் தர்றேன்,” என்று யின்சூ ஒரு பிடியைப் பிடித்து இழுத்தாள். மொத்தப் பயறும் கூடையோடு எழுந்து வந்தது.

யின்சூ அதையே உற்றுப் பார்த்தாள்.

“அத்தை, இது பூராவும் எனக்கு வேணும்.”

“எதுக்குடி, வீட்டுல கல்யாணமா?”

“கிண்ணத்துக்கு.”

காய்ச்சலோ என்று மியாவ் அத்தை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அன்றே கட்டுகளைப் பிரித்து, வறுத்த பயறைக் கொட்டிவிட்டு, தாடிப் பயறை மண்ணோடு வைத்துத் திரும்பக் கட்டினார்கள். அத்தையும் கூடமாட உதவினாள். குவோ வருவதற்குள் வேர்கள் இறுகி, கட்டுகள் கல்லாகிவிட்டன.

குவோ ஒரு கட்டைத் தலைக்குமேல் தூக்கிப் போட்டார். பொத்தென்று விழுந்தது. ஷென் கண்ணை மூடிக்கொண்டார். யின்சூ காதைத் தீட்டிக்கொண்டாள். உடைகிற சத்தமே இல்லை.

குவோவுக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடி போட்டார். இம்முறை கட்டு அவர் கால் விரல்மேல் விழுந்தது. ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே, “பிரிச்சுப் பாரு,” என்றார்.

யின்சூ பிரித்துப் பார்த்தாள். “ஒண்ணுகூட உடையல முதலாளி. உங்க விரல்?”

“அதையும் உங்கிட்டக் குடுத்துக் கட்டியிருக்கணும்,” என்று முனகியபடி, எல்லாக் கட்டுகளையும் ஏற்றச் சொல்லிவிட்டுப் படகுக்கு நொண்டிக்கொண்டே போனார் குவோ.